தம்பிக்கு அடிக்காத மேளம்

மொன்றியாலில் ஒரு தமிழரை முதன்முதலாகச் சந்தித்தால் மூன்று கேள்விகள் வரும். ஊரிலை எவடம்? அங்கை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி? மூன்றாவதுக்குப் பதில் சொன்னீர்களோ, நீங்கள் என்ன சாதி என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு உங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதா விடுவதா என்று அவர்கள் முடிவெடுத்துக்கொள்வார்கள். பனி கொட்டுகிற நாடு, பிரெஞ்சு பேசுகிற நகரம், பக்கத்து வீட்டில் ஹெயிட்டிக்காரர், எதிர்வீட்டில் கிரேக்கர். ஆனாலும் அந்தக் கேள்விகளை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்து இறக்கியிருந்தார்கள். கேட்கிற வாயில் கொள்ளிக்கட்டையை வைத்தால் என்ன என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

அப்பா இந்த மூன்றுக்கும் பொய் சொல்வார். ஊரில் அவர் செத்தவீடுகளுக்குப் பறை அடித்தவர். எங்கள் ஆட்களை அங்கே எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. செத்தவீட்டுக்காரர் ஆளனுப்பினால் போயே ஆகவேண்டும். படலைக்கு வெளியே வேலியோரம் நின்று அடிக்கவேண்டும். தேத்தண்ணி தேங்காய்ச் சிரட்டையில் வரும். கனடாவுக்கு வந்ததும் அப்பா எல்லாவற்றையும் விட்டார். துணித் தொழிற்சாலையில் பெட்டி கட்டினார், பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டறை வீடு எடுத்தார், ஊர்ப் பெயரை மாற்றினார். மாற்றிய ஊரின் கோயில், குளம், சந்தி எல்லாவற்றையும் யாரிடமோ கேட்டுப் பாடமாக்கி எங்களுக்கும் சொல்லித் தந்தார். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வினைச்சொற்களையும் வீட்டில் அந்தப் பொய் ஊரையும் ஒன்றாகத்தான் பாடமாக்கினேன்.

தம்பி இங்கே வந்தபோது கைக்குழந்தை. அவனுடைய கைகள் சும்மா இருக்காது. சாப்பாட்டுக் கோப்பை, மெற்றோவில் பிடிக்கிற கம்பி, என் முதுகு, எது கிடைத்தாலும் தட்டுவான். அப்பா கண்டால் கையிலேயே ஒன்று போடுவார். ஆனால் பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுவில் அவனை ட்றம்ஸுக்கு முன்னால் இருத்திவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்ததுதான். வளர்ந்த பிறகு வார நாட்களில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்தான். ஞாயிறு பின்னேரங்களில் லிற்றில் பர்கண்டியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஜாஸ் வாசித்தான்.

அவனோடு வாசித்தவர்கள் கறுப்பினத்தவர்கள். அவர்களுடைய பாட்டன்மார் ரயிலில் பெட்டி தூக்கியவர்கள். ரயிலில் யாரும் அவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்களாம். வேலையால் வந்து லிற்றில் பர்கண்டித் தெருக்களில்தான் வாசித்திருக்கிறார்கள். பிறகு நெடுஞ்சாலை போடவென்று அந்த வீடுகளில் பாதியை இடித்துவிட்டார்கள். குழுவில் ட்ரம்பெட் ஊதியவர் ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறவர். வா வா என்று தம்பி தந்த கரைச்சல் தாங்காமல் ஒரு ஞாயிறு நான் போனபோது, பாட்டைத் தொடங்க முன் அவர் எழும்பிச் சொன்னார்: “என் தாத்தா இந்த நகரத்துக்காரரின் பெட்டிகளைத் தூக்கியவர். இதை அவருக்காக வாசிக்கிறோம்.” ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. ஒருவரும் எந்தக் கோயிலடி என்று கேட்கவில்லை. எழும்பி நின்று கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சங்கீதத்துக்காக இல்லை, பொறாமையில்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை தொடங்கியது. ஒருநாள் சமையலறையில் அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தம்பி முன்னால் போய் நின்றான்.

“அப்பா, அவையள் ஒண்டையும் ஒளிக்கேல்லை. எந்த வேலையைச் சொல்லிக் கேவலப்படுத்தினாங்களோ, அதை மேடையிலை ஏறிச் சொல்லினம். நீங்கள் மட்டும் ஏன் ஒளிக்கிறியள்? எனக்கு ஒரு அடி சொல்லித் தாங்கோ. ஒண்டே ஒண்டு.”

“விசர்க் கதை கதையாதை.”

“இதிலை என்ன விசர்?”

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். “மோனை, அவையளுக்குத் தோலை ஒளிக்கேலாது. எங்களுக்கு ஏலும். எனக்குக் கிடைச்சது அது ஒண்டுதான். அதையும் ஏன் கெடுக்கப் பாக்கிறாய்?”

அப்பா அதோடு விடவில்லை. எங்களுக்கு அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய அம்மா செத்த அன்றைக்கே ஊரில் ஒரு பெரிய வீட்டிலும் சாவு விழுந்ததாம். ஆளனுப்பினார்களாம். தாயை முற்றத்தில் கிடத்திவிட்டுப் போய், அந்த வீட்டு வேலியோரம் நின்று பொழுது சாயும்வரை அடித்தாராம். திரும்பி வந்தபோது தாயைச் சுடலைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். “எங்கடை வீட்டிலை ஒருத்தற்றை சாவுக்கும் மேளம் அடிக்கிறேல்லை எண்டு அண்டைக்கு முடிவெடுத்தனான். இனி உந்தக் கண்டறியாத மேளத்தைப் பற்றி இந்த வீட்டிலை கதைக்கக் கூடாது.” தம்பி அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் கதைக்கவில்லை. மேளத்தை விடவுமில்லை.

ஒரு பெப்ரவரியில் கிடங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியவன் எழும்பவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இருபத்தொன்பது வயது. அந்தக் கோதாரி வருத்தம் எனக்கோ அப்பாவுக்கோ வந்திருக்கலாம். வரவில்லை.

மறுநாள் ட்ரம்பெட்காரப் பெண்மணியும் பேஸ் வாசிக்கிறவரும் ஒரு சட்டி சூப்போடு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தங்களோடு வாசித்தவன் செத்தால் வாசித்துத்தான் அனுப்புவார்கள். கொண்டுபோகும்போது மெதுவாக, அழுது அழுது வாசிப்பார்கள். அனுப்பிய பிறகு துள்ளலாக வாசித்துக்கொண்டு திரும்புவார்கள். அதற்கு அனுமதி கேட்டு வந்திருந்தார்கள். பெண்மணி பிரெஞ்சில் சொல்ல நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். கடைசியாக அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையும் சொன்னேன்: “உங்களைப் போல மேளம் அடிக்க உங்கள் ஊரில் ஆளில்லை என்று உங்கள் மகன் சொல்லுவான். முதல் அடியை நீங்கள் அடிக்கவேண்டும், ஐயா.”

அப்பாவின் முகத்தை நான் மறக்கமாட்டேன். எங்கள் வீட்டில் பூட்டிவைத்திருந்ததைத் தம்பி அங்கே பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறான். ஒருபோதும் கேட்டிராத மேளத்தைப் புகழ்ந்திருக்கிறான்.

“மேளம் அடிச்சால் நான் அந்த இடத்திலையே சாவன் எண்டு சொல்லு, பிள்ளை,” என்றார் அப்பா. அப்படியே சொன்னேன். அந்தப் பெண்மணி கோபிக்கவில்லை. வாத்தியங்களோடு வருவோம், அப்பா தலையசைத்தால் வாசிப்போம், இல்லையென்றால் சும்மா நிற்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பியை வைத்திருந்த மலர்ச்சாலையில் நல்ல கூட்டம். இருபத்தெட்டு வருடங்களாக அப்பா பொய் சொல்லிச் சேர்த்த கூட்டம். தேவாரம் பாடினார்கள், ஐயர் வந்தார், எல்லாம் முறையாக நடந்தது. அப்பா முன்வரிசையில் இருந்தார். பெட்டிக்குள் கிடந்த தம்பியின் கைகளை யாரோ ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தார்கள். அவை ஆடாமல் கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

ஜாஸ்காரர்கள் வந்தபோது, ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ச் சங்கத்துப் பெரியவர் வாசலிலேயே மறித்தார். வாத்தியங்களை உள்ளே கொண்டுவரவேண்டாம் என்றார். அந்தக் குளிரில் வாத்தியங்களை வானுக்குள் விட்டால் பழுதாகிவிடும், ஆகவே அவர்கள் அவற்றோடு வெளியிலேயே நின்றார்கள். கார் நிறுத்துமிடத்து ஓரத்தில், கம்பி வேலியோரம், முழங்காலளவு பனிக்குள். தங்கள் வாத்தியங்களோடு தம்பியின் ஸ்நேர் என்ற சின்ன மேளத்தையும், தோளில் போட ஒரு பட்டி கட்டி, கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே எல்லாருக்கும் வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். நான் ஒரு தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு கதவடிக்குப் போக, சங்கத்துப் பெரியவரின் மனைவி மறித்தார்.

“வெளியிலை நிக்கிற ஆக்களுக்குக் கடதாசிக் கப்பிலை குடும் பிள்ளை. குடிச்சிட்டு எறிஞ்சிடுவினம்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று பிறகு பலர் எனக்குச் சொன்னார்கள். சொல்லட்டும். கோப்பைகளை எடுத்துவிட்டுக் கடதாசிக் கப்புகளைத் தட்டில் வைத்தது அவர்தான். முன்வரிசையில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வேலியோரம் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கடதாசிக் கப்புகளைப் பார்த்தார். எழும்பிக் கோட்டும் போடாமல் வெளியே போனார்.

நான் தட்டோடு அவருடைய கோட்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அப்பா ஒரு கப்பை வாங்கி அவர்களோடு நின்று குடித்தார். குடித்து முடித்ததும் ட்ரம்பெட்காரப் பெண்மணி தம்பியின் மேளத்தையும் தடியையும் எடுத்து நீட்டினார். அப்பா வாங்கினார். வாங்கி, பட்டியை இடது தோளில் சாய்வாகப் போட்டு, இடுப்போடு அணைத்து, உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். தோல் மேளத்தை அடிக்க முன் சூடாக்குவார்களே, அதற்குத்தான். அது பிளாஸ்ரிக், சூடு தேவையில்லை. கைக்கு அது தெரியவில்லை. ஐயோ, அந்தக் கை எவ்வளவு பழகிய கை என்று அன்றுதான் கண்டேன். அடியப்பா, ஒன்றே ஒன்று அடி என்று மனதுக்குள் கத்தினேன். அவர் தடியை ஓங்கினார்.

ஓங்கிய கையோடு திரும்பிப் பார்த்தார். கண்ணாடி நிறைய முகங்கள்.

தடி கீழே இறங்கியது. “கை மறந்துபோச்சு எண்டு சொல்லு,” என்றார். பொய். மேளத்தை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். அவர் தலையசைக்காததால் அவர்களும் வாசிக்கவில்லை. தம்பியின் பெட்டி சக்கரம் உருளும் சத்தத்தோடு போனது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

நான் உள்ளே வந்தபோது கண்ணாடியோரம் இருந்த கிழவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “உந்தப் பிடி எனக்குத் தெரியும். உந்தத் தேய்ப்பும் தெரியும். உவர் தான் சொல்லுற அந்த ஊராள் இல்லை.”

மேளம் எங்களோடு வீட்டுக்கு வந்தது. அப்பா அதைப் பார்க்கவே மறுத்தார். “குப்பைக்காரன் வாற நாள் வெளியிலை வைச்சுவிடு” என்றார். நான் எவ்வளவோ கெஞ்சினேன். “வைக்கிறியோ, நான் உடைக்கட்டோ?” என்றார். வைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தபோது அது இல்லை. குப்பை லொறி கொண்டுபோனதோ, தெருவால் போன யாராவது தூக்கிப் போனார்களோ தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. நூறு பேருக்குச் சமைத்தோம். அப்பாவே நின்று கத்தரிக்காய்க் கறி வைத்தார். ஆட்கள் வந்தார்கள், வராமல் விடவில்லை. தம்பியின் படத்துக்கு முன்னால் கைகூப்பினார்கள். இலையைப் போட்டபோதுதான் தொடங்கியது. “இப்பத்தான் சாப்பிட்டிட்டு வந்தனாங்கள்.” “வயிறு சரியில்லைப் பிள்ளை.” “இண்டைக்கு எனக்கு விரதம்.” அன்று மொன்றியாலில் இருந்த தமிழர் அத்தனை பேருக்கும் விரதம். ஒரு மிடறு தண்ணீர்கூட ஒருவரும் வாங்கவில்லை. லொங்குய்யில் இருந்து வந்த குடும்பம் ஒன்று, அப்பா அவர்களுடைய பிள்ளையின் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று போனது. எனக்கு அவர்கள் முதுகில் சாம்பார் வாளியோடு ஊற்றவேண்டும்போல இருந்தது. அப்பா ஒவ்வொருவரையும் வாசல்வரை போய் அனுப்பிவைத்தார்.

சாப்பிட்டவர்கள் ஜாஸ்காரர்கள் மட்டும்தான். பிந்தி வந்தார்கள், நிலத்தில் இருந்தார்கள், கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். ட்ரம்பெட்காரப் பெண்மணி கத்தரிக்காய்க் கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். அப்பா சுவரோடு சாய்ந்துகொண்டு அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தார். பின்னால் சமையலறையில் சோறு மலையாகக் கிடந்தது.

“பிள்ளை, அந்த மேளம் எங்கை?”

“குப்பைக்கு வைச்சாச்சு அப்பா. நீங்கள்தானே வைக்கச் சொன்னியள்.” எனக்கு அவர்மீதும் ஆத்திரம் இருந்தது. மெதுவாகச் சொல்ல வரவில்லை.

அவர் தலையை ஆட்டினார். “அண்டைக்கே அடிச்சிருக்கலாம். தெரியக் கூடாதெண்டு விட்டன், அதுவும் தெரிஞ்சுபோச்சு. என்ரை பிள்ளை சும்மா போயிட்டான்.”

என்ன சொல்கிறார் என்று பெண்மணி கேட்டார். சொன்னேன். அவர் கையை உதறிக்கொண்டு எழும்பி, வானில் வேறு மேளம் இருக்கிறது, இப்பவே கொண்டுவரட்டுமா என்று கேட்டார். அதை அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இனி ஆருக்குப் பிள்ளை அடிக்கிறது?”