உள்ளே தங்கிவிட்ட சூடு

ஆயுளில் எத்தனையோ ஆயிரம் கண்ணாடிச் சில்லுகளுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறேன். அவற்றுள் ஒன்று மட்டும் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. ஊதாவும் இளஞ்சிவப்புமாக, கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு சதைத் துணுக்கின் சீவல் அதில் ஒட்டியிருந்தது. அது என் தமக்கையின் கணவர், என் அத்திம்பேருடையது.

திருவனந்தபுரத்தில் அரசு மருத்துவமனை ஒன்றின் திசு ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். விடியலில் பதிகம் ஓதிவிட்டு வந்து, மெழுகில் பதித்த சதையைக் காகிதத்தினும் மெலிதாகச் சீவுவேன். அதுவும் ஒருவகைப் பூசை என்றே எண்ணியிருந்தேன். அன்று ஒரு துணுக்கோடு வந்த தாளில் இருந்த பெயரையும் வலியசாலை விலாசத்தையும் பார்த்ததும் கை நின்றுவிட்டது. குடலிறக்கத்துக்கு அறுவை என்றுதான் அத்திம்பேர் வீட்டில் சொல்லியிருந்தார். உண்மையில் முப்பத்தாறு வயதுவரை அவருடைய விதைகள் இரண்டும் இடுப்பு மடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கவேயில்லை. அவற்றைப் பைக்குள் இறக்கி வைத்த மருத்துவர், ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்.

எங்கள் பேராசிரியை மலையாளத்துக்காரர். என்னைச் சுவாமி என்றுதான் அழைப்பார். நோயாளி என் உறவினர் என்பது அவருக்குத் தெரியாது. "சுவாமி, இதை ஒண்ணு வந்து நோக்கு" என்று நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினார். சுருள் சுருளான குழல்கள் குறுக்கே வெட்டுண்டு வட்டங்களாகத் தெரிந்தன. அவற்றின் சுவர்கள் தடித்து இறுகியிருந்தன. ஆரோக்கியமான குழலில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அணுக்கள் அடுக்கடுக்காக முதிர்ந்து வந்து, கடைசியில் வாலுள்ள விந்தணுக்களாகத் திரண்டு நிற்கும். இங்கே ஓரத்தில் செவிலி அணுக்கள் மட்டும் வரிசையாக நின்றன. அவை பாலித்து வளர்க்க வேண்டிய, விந்தாக முதிரும் அணுக்கள் ஒன்றுகூட இல்லை.

"சூடுதான் காரணம்" என்றார். விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவது, உடற்சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்திருப்பதற்காகத்தான். பிறந்த சில மாதங்களில் மூல அணுக்கள் குழலின் சுவரோரம் நகர்ந்து, பிற்காலத்துக்கெல்லாம் சேமிப்பாக நிற்கும் தாயணுக்களாக மாற வேண்டும். உள்ளே தங்கிவிட்ட விதையில் அந்த மாற்றம் தடைப்படுகிறது. மாறாதவை வருடா வருடம் குறைகின்றன. எஞ்சியவை பருவத்தில் பிளந்து பெருக முயலும்போது சூடு தாங்காமல் மடிகின்றன. ஆனால் குழல்களுக்கு இடையே இருந்து ஆண்மைச் சுரப்பைத் தரும் அணுக்கள் சூட்டைப் பெரும்பாலும் தாங்கிவிடும். அதனால் மீசைக்கும் குரலுக்கும் குறையிராது. "குழந்தையா இருக்கறப்போ இறக்கி வச்சிருந்தா கதை மாறியிருக்கும். இப்போ வீடு உண்டு சுவாமி, ஆளில்லை."

நான் தலையசைத்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன். மடைப்பள்ளியும் மேளமும் பரிசாரகரும் இருக்க, மூலவர் மட்டும் எழுந்தருளாத கோயில் என்று மனம் சொல்லிற்று. கருவில் உயிர் படும் பாட்டையெல்லாம் பாடிய அடியார்கள், கருவாகவே வராத உயிருக்கு என்ன பாடுவார்கள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

கல்யாணமாகிப் பத்து ஆண்டுகளாகக் குழந்தையில்லாத பழி முழுவதையும் சுமந்தவள் என் அக்கா. ஆயில்யந்தோறும் ஈரப்புடவையோடு நாகத்துக்கு மஞ்சளும் பாலும் படைப்பாள். மாமியார் சொன்ன நோன்பு ஒன்றையும் விட்டதில்லை. "போன ஜன்மத்துலே எந்தப் பாம்பை அடிச்சாளோ" என்று அந்த அம்மாள் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். நான் பார்த்ததை யாரிடமும் சொல்லக்கூடாது. அது தொழில் தருமம். அத்திம்பேர் சொல்வாரா என்று மூன்று வாரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் நூறு பேருக்கு நடுவே வாயாடுகிற மனிதர், வீட்டில் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவருடைய தங்கைக்கு வளைகாப்பு நடந்தது. கூடம் நிறையப் பெண்கள். அக்கா தட்டில் வளையல்களோடு வந்தாள். மாமியார் தலை நிமிராமலே, "நீ அடுப்பைப் போய்ப் பாரு. பாயசம் அடிபிடிக்கும்" என்றார். பாயசம் இறக்கி ஒரு நாழிகை ஆகியிருந்தது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

வாசற்பக்கம் ஆண்களோடு உட்கார்ந்திருந்த அத்திம்பேர் எழுந்து கூடத்துக்குள் வந்தார்.

"அம்மா, அவ வளை போடட்டும். குறை அவகிட்டே இல்லே. எங்கிட்டேயாக்கும். டாக்டர் பரிசோதிச்சுச் சொல்லியாச்சு."

அந்த அம்மாள் மறுப்பார், கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தார்.

"பொறந்தப்பவே மருத்துவச்சி எறங்கலைன்னு சொன்னா" என்றார், யாரையும் பார்க்காமல். "பூணூல் போட்டா தானா எறங்கிடும்னு பெரியவா சொன்னா. மந்திரம் ஏறினா எல்லாம் தன் எடத்துக்கு வந்துடுமாம். பூணூலும் ஆச்சு, எறங்கலை. அப்புறம் வெளியிலே சொன்னா உனக்கு யாருடா பொண்ணு கொடுப்பா?"

தன் மகனிடம் இருந்ததைத் தெரிந்துகொண்டேதான் அவர் என் அக்காவைப் பாம்புப் புற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்மேல் எழுந்த கோபம் எனக்கு அடங்கப் பல ஆண்டுகள் ஆயின. அவரும் அந்த மந்திரத்தை மெய்யாகவே நம்பிக் காத்திருந்தவர் என்பது அதற்குப் பின்பே விளங்கிற்று. மந்திரத்தில் பிழையில்லை. உரிய காலத்தில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவதும் வழிபாடுதான் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

விருந்தினர் போனபின் கொல்லையில் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குச் சொன்னேள்? போன வாரம் எங்கிட்டே சொன்னப்பவே வேண்டாம்னேனே! என்னைப் பேசிப் பேசி எனக்குப் பழகிப்போச்சு. இனிமே உங்களைன்னா பேசுவா?"

"பேசட்டும். நீ பத்து வருஷம் கேட்டாச்சு. இனி என் முறையாக்கும்."

அப்படியே ஊர்ப்பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டார், சிரித்தபடியே. அவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். சென்ற மாதம் என் பேரனின் எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு பக்கம் இறங்கவில்லை என்று மருத்துவர் சொன்னார். "ஆறு மாசம் தாண்டினா தானா இறங்காது, ஒரு வயசுக்குள்ளே சின்ன ஆபரேஷன் போதும்" என்றாராம். குழந்தையின் தாய்வழிப் பாட்டி தயங்கினார். "மொட்டை அடிச்சுக் காது குத்தினப்புறம் பாத்துக்கலாமே. பச்சைக் குழந்தையாச்சே."

அக்காவுக்குக் காது மந்தம். பெரும்பாலும் எங்கள் பேச்சு அவளுக்கு எட்டுவதில்லை. அன்று எட்டியது. கையிலிருந்த ஜபமாலையை மடியில் வைத்தாள்.

"காத்துண்டிருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நாளைக்கே போங்கோ."