துஷ்டி வீட்டில் கேட்க முடியாத கேள்வி

இன்று காலை கரிவலம்வந்தநல்லூரில், இறந்தது யார் என்றே தெரியாத ஒரு துஷ்டி வீட்டில் முக்கால் மணி நேரம் சோகமாக உட்கார்ந்திருந்தேன்.

முன்பின் தெரியாதவரிடம்கூடச் சம்பளத்தையும் சர்க்கரை அளவையும் கேட்கிற ஆள் நான். நண்பனின் அப்பா இறந்துவிட்டார் என்றதும் மாலையோடு ஓடினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு பந்தல் தெரிந்தது. போய் உட்கார்ந்துவிட்டேன்.

நண்பனைக் காணோம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை; வீடு இதுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பதினொரு மணிக்கு எடுத்துவிடுவார்கள், அதற்குள் முகம் பார்க்க வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் துஷ்டி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "செத்தது யாரு?" என்று எப்படிக் கேட்பது?

பக்கத்து நாற்காலிக்காரரிடம் தூண்டில் போட்டேன். "நல்ல மனுசன், என்ன அண்ணாச்சி?"

"தங்கமான மனுசம்லா," என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

தண்ணீர்ச் செம்போடு வந்த பெண் என் மாலையைப் பார்த்தார். "எந்தூரு நீங்க? எங்க அத்தைக்கு என்ன வேணும்?"

அத்தையா!

உண்மையைச் சொன்னேன்.

"அந்த வீடு கீழத்தெருவுலல்லா இருக்கு! வாயத் தொறந்து கேட்டா என்னவாம்? எடுக்கப் போறாங்க, ஓடுங்க!"

ஓடினேன். கடைசி ஆளுக்கு முந்தின ஆளாக முகம் பார்த்தேன். கடைசி ஆள், எனக்குப் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்த 'தங்கமான மனுசன்' அண்ணாச்சி.

ஆகவே மக்களே, வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். இப்படிப் போய் உட்கார்ந்தவர்கள் இங்கே வேறு யாரும் உண்டா?

திரும்பும்போது நானும் அண்ணாச்சியும் ஒரே சீட்டில் சங்கரன்கோவில் வரை வந்தோம். அவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.