இரண்டாம் மாடியிலிருந்து வந்த பெயர்

என் பேத்திக்குப் பெயர் வைத்தபோது அவளுக்கு முப்பத்தொரு நாள். இன்று எல்லோரும் அவளைக் கூப்பிடும் பெயரை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னபோது அவளுக்கு நாற்பத்தொரு நாள். அந்தப் பெயர் எழுதிய காகிதம் அவளுடைய பதினான்காம் நாளிலிருந்தே என் சட்டைப்பையில் இருந்தது. ஆக, இருபத்தேழு நாள்.

பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒஸ்லோ முழுவதிலும் அந்தப் பெயரோடு ஒரே ஒரு பிள்ளைதான் இருப்பாள் என்று நினைக்கிறேன். எழுதினால் யாரும் அவளைக் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்களின் பெயர்களையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுகிறேன்.

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் தொடர்மாடியில் எங்களுடையது நாலாம் மாடி. இரண்டாம் மாடியில் ஒரு யூத அம்மா தனியாக இருந்தார். இரண்டுக்கும் இடையில் முப்பத்தாறு படிகள். 1986 இல் நாங்கள் அங்கே குடிவந்தபோது என் மகளுக்கு ஐந்து வயது. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த நான் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தேன். மனைவி பின்னேரங்களில் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போவாள். அவள் புறப்படுவதற்கும் நான் வந்து சேர்வதற்கும் இடையில் இரண்டரை மணி நேரம் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அதை அந்த அம்மா தாமாக முன்வந்து எடுத்துக்கொண்டார். வாரத்துக்கு ஐந்து நாளாக எட்டு வருடம்.

அவர் ஒஸ்லோவில் பிறந்தவர். ஆனால் பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து வந்தவர்கள், வீட்டில் பேசியது யூதர்களின் யிடிஷ் மொழி. கணவரும் போனபிறகு அந்த மொழியில் கதைக்க அவருக்கு ஒருவரும் இல்லை. என் மகள்தான் இருந்தாள். அவள் படியேறும்போது எண்ணிக்கொண்டு வருவாள். அது தமிழும் இல்லை, நோர்வே மொழியான நொஸ்க்கும் இல்லை.

“எந்தப் பாஷையிலை எண்ணுறாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தாந்தேன்ரை பாஷையிலை.”

பெரியம்மா, மாமி எல்லோருக்கும் நோர்வேயில் தாந்தே என்ற ஒரே சொல்தான். என் மகளுக்கு அந்தச் சொல்லுக்குரியவர் ஒருவர்தான்.

2007 இல் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. மனைவி இறந்து அப்போது இரண்டு வருடமும் மூன்று மாதமும். முதற் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். தாய் இல்லாத தாய் வீட்டுக்கு மகள் ஹொல்ம்லியாவிலிருந்து பெட்டியோடு வந்தாள். மருமகன் வேலை முடிந்ததும் ரயில் மாறி வந்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்.

பெண்பிள்ளை என்று அறிந்த நாளிலேயே நான் பெயரை முடிவு செய்துவிட்டேன். என் மனைவியின் பெயர். கேட்கக்கூட வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டாம் நாள், சாப்பாட்டு மேசையில் மகள் சொன்னாள்:

“அப்பா, பேர் முடிவெடுத்திட்டம். தாந்தேன்ரை பேர்.”

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

“அது எட்டாம் எண், கூடாது,” என்றேன். எண் சாத்திரத்தில் எனக்கு அரை நம்பிக்கைதான், ஆனால் அப்போது கைக்கு வந்தது அதுதான்.

“எப்ப கூட்டினீங்கள்?”

“இப்ப.”

“அது நொஸ்க் எழுத்திலை எழுதினாத்தானே. தமிழிலை எழுதிக் கூட்டுங்கோ.”

“தமிழிலை அந்தப் பேரை எழுதேலாது.”

“அப்ப எட்டும் வராது,” என்றாள். மருமகன் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “மாமா, நானும் எழுதிப் பாத்தனான். மூண்டு தரம் எழுத மூண்டு பேர் வந்தது,” என்று எனக்காகவும் ஒரு வார்த்தை சொன்னார்.

“அம்மான்ரை பேர் இருக்கே,” என்றேன்.

மகள் பிள்ளையைப் பார்த்தாள். “அம்மான்ரை பேரை வைச்சிட்டு நான் இவளை எப்பிடியப்பா அதட்டுறது? குழப்படி செய்தா இஞ்சை வாடி எண்டு கூப்பிடேலுமே?”

“நான் கூப்பிடுவன்.”

“நீங்கள் அம்மாவை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சேரும், இஞ்சேரும் எண்டுதானே கூப்பிட்டனீங்கள்.”

உண்மை. இருபத்தொன்பது வருட வாழ்க்கையில் அவள் பெயரை நான் சொன்னது கந்தோர்களிலும் வைத்தியசாலைகளிலும்தான், அதுவும் அதிகாரிகள் கேட்டபோது. அவள் போனபிறகுதான் அந்தப் பெயரை வாயால் சொல்ல வேண்டும் போல் எனக்கு இருந்தது. சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். இதை மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக நான் செய்த காரியம் இது. யூதர்களில் அந்த அம்மாவின் கூட்டத்தார் உயிரோடிருப்பவரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள். மரணம் வீடு தேடி வரும்போது ஆள் மாறிப்போகும் என்ற பயம். செத்தவர்களின் பெயரைத்தான் வைப்பார்கள். இதை அவரே ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். நாங்கள் பாட்டனார் உயிரோடிருக்கும்போதே அவர் பெயரைப் பேரனுக்கு வைப்போம், அதை அவருக்குச் செய்யும் மரியாதையாக நினைப்போம் என்றேன். “துணிஞ்ச ஆக்கள்,” என்று சிரித்தார். மகளுக்கு இந்த வழக்கம் தெரியாது. அவருக்குப் பெரிய மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கினால் இது அப்பாவின் தந்திரம் என்பாள். மறுப்பு அந்த அம்மாவின் வாயிலிருந்தே வரட்டும் என்று பதினான்காம் நாள் முப்பத்தாறு படியும் இறங்கிப் போனேன்.

நாங்கள் கதைத்தது நொஸ்க்கில். என் நினைவில் அது தமிழில்தான் கேட்கிறது.

“பிள்ளைக்கு உங்கடை பேரை வைக்கப்போகினமாம்,” என்றேன்.

கோப்பிக்குத் தண்ணீர் வைக்கப்போனவர் கேத்திலைக் கீழே வைத்தார். “நான் இன்னும் சாகேல்லையே, அயலவரே,” என்றார். என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். “வேண்டாமெண்டு சொல்லுங்கோ. பிள்ளைக்கும் கூடாது. எனக்கும் அவசரமில்லை.”

வந்த காரியம் முடிந்தது. எழுந்திருக்கலாம். அவர் கதிரையில் அமர்ந்து மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள். அஞ்சு வயது.”

இருபத்தொரு வருட அயலில் நான் கேட்டிராத கதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒஸ்லோவில் நாஜிகளுக்காக யூதர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது தாயும் பதினான்கு வயதான அவரும் காட்டு வழியாக ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். தங்கைக்கு அன்று கடும் இருமல். இருமுகிற பிள்ளையோடு எல்லை கடக்க முடியாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டான். பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள், சுகமானதும் எடுப்பிக்கலாம் என்று. அதற்குள் பெரியம்மாவையும் பிள்ளையையும் துறைமுகத்தில் முகாமுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள், இருவரும் திரும்பவில்லை. இருமுகிற பிள்ளையோடு காவலரணைத் தாண்டுவது எப்படிப்பட்டது என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் தாண்டியவன், எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் மிச்சத்தைச் செய்தேன்.

“எனக்குப் பிள்ளையள் இல்லை. அவளின்ரை பேரைக் கூப்பிட்டு அறுபத்தைஞ்சு வருசமாச்சு,” என்றார். “உங்கடை பிள்ளையளுக்கு விருப்பமெண்டால் அதை வைக்கட்டும். விருப்பமெண்டால் மட்டும்.”

சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதித் தந்தார். மேலே வலமிருந்து இடமாகத் தன்னுடைய எழுத்தில், கீழே நோர்வே எழுத்தில். ஒன்பது எழுத்து. மூன்று இடத்தில் மெய்யெழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒருமுறை சொல்லியும் காட்டினார். நான் தலையாட்டினேன்.

பதினெட்டாம் படியில், மூன்றாம் மாடி வாசலில் நின்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஆறு வந்தது. நல்ல எண். எட்டு வந்திருந்தால் எனக்கு ஒரு சாட்டு கிடைத்திருக்கும். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அவர் சொன்னது நான்கு செய்தி. என் பெயர் வேண்டாம். எங்கள் வழக்கத்தில் கூடாது. எனக்கொரு தங்கை இருந்தாள். அவள் பெயரை வையுங்கள். நான் நாலாம் மாடிக்குக் கொண்டுபோனது முதல் இரண்டு.

“நான் அவவைப் பயப்படுத்திப்போட்டனோ?” என்று மகள் கேட்டாள். முப்பத்தோராம் நாள் துடக்கு கழியும்வரை அவள் வெளியே போவதில்லை. அந்த அம்மாவுக்கோ முழங்காலால் படியேற முடியாது. தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டாள். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு காதைத் தீட்டி நின்றேன். “எல்லாம் உன்ரை அப்பாட்டைச் சொன்னனான், நீங்களே யோசியுங்கோ” என்று மட்டும் சொன்னாராம். அவர் வற்புறுத்துகிற பெண் அல்ல.

இரண்டு நாள் கழித்து மகள், “சரியப்பா, அம்மான்ரை பேரையே வையுங்கோ,” என்றாள். சந்தோசமாகச் சொல்லவில்லை. நான் கேட்டது கிடைத்தது.

முப்பத்தோராம் நாள் வீட்டில் பதினேழு பேர். அந்த அம்மாவும் வந்தார். முப்பத்தாறு படிக்குப் பதினொரு நிமிடம், ஐந்து இடத்தில் நின்று. மேலே வாசலில் நின்று நான் எண்ணினேன், இறங்கிக் கை கொடுக்கவில்லை. நீல உடுப்பு போட்டு, தலையை வாரி, நன்றாகத்தான் வந்தார். பிள்ளைக்குப் பக்கத்தில் அவருக்குக் கதிரை போட்டார்கள். பெயரைக் காதில் சொல்வது மூத்தவன் என்ற வகையில் என் பங்கு. குனிந்து வலது காதில் மூன்று தடவை மனைவியின் பெயரைச் சொன்னேன். மூன்றாம் தடவை குரல் உடைந்தது. எல்லோரும் மனைவியை நினைத்து அழுகிறேன் என்று எண்ணினார்கள்.

நிமிர்ந்தபோது அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கடை மனைவியின்ரை பேர்,” என்றார். “நல்ல பேர்.”

பாயாசத்தில் இரண்டு கரண்டி சாப்பிட்டார். பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார். மருமகன் கைபிடித்து இறக்கிக்கொண்டு போனார்.

முப்பத்தெட்டாம் நாள் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நாற்பதாம் நாள் மகள் வைத்தியசாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றாள்.

“அப்பா, தாந்தே என்னட்டை மன்னிப்புக் கேக்கிறா.”

“ஏனாம்?”

“உங்களிட்டை அந்தப் பேரைக் கேட்டிருக்கக் கூடாதாம். துக்கமான பேரைப் பச்சைப்பிள்ளைக்குக் கேட்டது பிழையாம்.” குசினிக்குள் ஒரு அடி வைத்தாள். “எந்தப் பேர் அப்பா?”

நான் சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது.

“அவ எத்தினை விசயம் சொன்னவ?”

“நாலு.”

“நீங்கள் எனக்கு எத்தினை சொன்னீங்கள்?”

“இரண்டு.”

அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அலுமாரியிலிருந்து பெயர் பதியும் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். இன்னும் அனுப்பியிருக்கவில்லை. ஆறு மாதம் தவணை உண்டு.

“பாருங்கோ,” என்றாள். “முதற்பேருக்கு ஒரு கட்டம். நடுப்பேருக்கு ஒரு கட்டம். இரண்டுக்கும் இடம் இருந்ததப்பா.”

அந்தப் படிவம் ஒரு மாதமாக அலுமாரியில் கிடந்தது. படிகளை எண்ணினேன், எழுத்தை எண்ணினேன், விருந்தினரை எண்ணினேன். இரண்டு கட்டத்தை எண்ணவில்லை.

அடுத்தநாள் மூவரும் பிள்ளையோடு போனோம். முதல்நாள் இரவிலேயே அவருக்கு மூளையில் இரத்தம் கட்டிவிட்டதாக அங்கே தாதி சொன்னாள். கண் அரைவாசி திறந்திருந்தது. கேட்கிறதா என்று தெரியாது என்றாள், ஆனாலும் கதையுங்கள் என்றாள்.

மகள் பிள்ளையை அவர் கைக்குள் கிடத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்கள் சொல்லுங்கோ.”

நான் குனிந்து பிள்ளையின் காதில் சொன்னேன், அவருக்கும் கேட்கும்படி உரக்க. முதல் தடவை நடுவில் சிக்கியது. இரண்டாம் தடவை வேறு விதமாக வந்தது. மூன்றாம் தடவை காகிதத்தைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பிழையென்றால் அவர் திருத்துவார் என்று காத்திருந்தேன். பத்து நாள் முன்னால் என்றால் திருத்தியிருப்பார். அவரே கூப்பிட்டும் இருப்பார். பிள்ளை அவர் விரலைப் பிடித்திருந்தது. அந்த விரல் அசையவில்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

நாற்பத்துமூன்றாம் நாள் இறந்துபோனார்.

தங்கையின் பெயர் முதற்கட்டத்திலும் என் மனைவியின் பெயர் நடுக்கட்டத்திலும் பதிவாகியுள்ளன. நாங்கள் அந்தப் பெயரைச் சொல்வது யிடிஷ்காரர் சொல்வதுபோல்தானா என்று தெரியாது. என் மகளும் அதை அவர் வாயால் கேட்டதில்லை. கேட்டவன் நான் ஒருவன், ஒரு தடவை, கவனமில்லாமல்.

பேத்திக்கு இப்போது இரண்டு வயது. செவ்வாயும் வியாழனும் என்னோடு இருப்பாள். படியிறங்கும்போது என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடுவாள். இரண்டாம் மாடியில் வைத்து நான் அவளைக் கூப்பிடுவேன், தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும், கொஞ்சம் பலமாக. அங்கே இப்போது ஒரு இளம் குடும்பம். போன வியாழன் அந்தப் பெண் கதவைத் திறந்து, “எங்களையா கூப்பிட்டீர்கள்?” என்று கேட்டாள்.

“இல்லை, பிள்ளையைத்தான்,” என்றேன்.

அவள் கதவைச் சாத்தும்வரை நின்றுவிட்டு மிச்சப் படிகளை இறங்கினேன்.