செண்பகம் ஏறிய லோரி

டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் கையை அசைக்காமல் கிடப்பவனுக்குப் பக்கத்து நாற்காலியில் யார் வந்து வாய்க்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. எனக்கு வாய்த்தவர் இராஜம்மா. கிள்ளானில் எங்கள் நிலையத்தில் செவ்வாய், வியாழன், சனி காலை நேரக்காரர்கள் நாங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்புகளோடு மாரடித்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு வேண்டியதெல்லாம் தூக்கம். அந்த அம்மாவுக்கோ சர்க்கரையில் கண் போய்விட்டது, தூக்கமும் வராது. கூடவே வரும் அவர் கணவர் தம்புசாமி, ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் புத்தகம் படிக்க ஆரம்பித்துவிடுவார். முதல் நாளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிஸ்டர் மாதவியைக் கூப்பிட்டு வேறு நாற்காலி கேட்டேன். காலி இல்லை என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சரளமாகப் படித்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். மனிதர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பந்திங் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, அதன்பின் வாழ்நாள் முழுக்க லோரி ஓட்டியவர். நீளமான வாக்கியம் வந்தால் பாதியில் மூச்சு வாங்கி நிற்பார், பின்னால் போவார், பிறகு ஒரே மூச்சில் ஏறிக் கடப்பார். பாரம் ஏற்றிய லோரி மேட்டில் திணறுவது போலத்தான் இருக்கும். இராஜம்மா மட்டும் அதைக் கச்சேரி கேட்கிற மாதிரி முகத்தை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருப்பார்.

புத்தகப் பைத்தியம் அந்த அம்மாதான். தெங்கு கிளானா சாலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். சம்பளம் வாங்கிய காலத்திலிருந்தே ஒரு பழக்கம் வைத்திருந்தார். குதிரைப் பந்தய நாள்களுக்குச் சின்னக் குதிரைப் படம் போட்டிருக்குமே, அந்தப் பெரிய காலண்டரை வாங்கிச் சமையலறையில் மாட்டுவார். படித்து முடித்த புத்தகம், கேட்டு முடித்த வானொலி நாடகம், கோயிலில் கேட்ட சொற்பொழிவு, எல்லாவற்றையும் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் எழுதிவிடுவார். படித்தது என்று ஒன்று, கேட்டது என்று ஒன்று. பாதியில் விட்டதை எழுதக் கூடாது என்பது அவர் சட்டம். எவ்வளவு நல்ல புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தைத் தாண்டினால்தான் கட்டத்துக்குள் இடம். வருடம் முடிந்ததும் பன்னிரண்டு தாளையும் புரட்டிப் பார்த்து, இந்த வருடம் எது ஒசத்தி என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்காக ஒரு பாயசம் வைப்பாராம். கணவருக்குப் பாயசம் கிடைக்கும், எதற்கு என்று தெரியாது. அவரும் கேட்டதில்லை.

கண் போன பிறகு காலண்டர் தம்புசாமியின் கைக்கு வந்தது. மாதத் தாளைக் கிழித்து மடித்துப் பையில் புத்தகத்தோடு எடுத்துக்கொண்டு வருவார். முதலில் அதில்கூட இருவருக்கும் தகராறு. கஷ்டப்பட்டுப் படிப்பது நான், அதனால் படித்தது என்று எழுதுவேன் என்றார் இவர். கணக்கு என்னுடையது, எனக்கு அது கேட்டதுதான் என்றார் அவர். பஞ்சாயத்து என்னிடம் வந்தது. இரண்டையும் எழுதித் தொலையுங்கள் என்று எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் 'படித்தது தம்புசாமி, கேட்டது இராஜம்மா' என்று கோணல் மாணலாக எழுதி, என்னிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வார். நானும் பிழை திருத்திக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். தூக்கம் போனது போனதுதான்.

வருடத்தின் நடுவில் தம்புசாமி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயிலேறிப் போய்த் தலையணை தடிமனில் ஒரு நாவல் வாங்கி வந்தார். சின்ன வயதில் தன்னை விட்டுப் போன அப்பனைத் தேடித் தோட்டத்தை விட்டுக் கிளம்பும் செண்பகம் என்ற பெண்ணின் கதை. இவர் வேகத்துக்கு அது மாதக்கணக்கில் ஓடியது. உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமை முடிந்தால் செவ்வாய் எப்போது வரும் என்று நானே காத்திருக்க ஆரம்பித்தேன். எதிர் வரிசையில் இருந்த ஜாபர் அலி, செண்பகத்தின் சித்தியைப் பெயர் சொல்லித் திட்டுவார்.

அப்போதுதான் இராஜம்மாவின் இருதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மெஷினில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் சரிந்து, மாதவி ஓடி வருவது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒரு நாள் மயக்கம் தெளிந்ததும், நெற்றியைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் அவர் விளையாட்டாகச் சொன்னார்.

"பயப்படாதீங்க. இந்தப் புத்தகம் முடியட்டும். அதுவரைக்கும் இருந்தா எனக்குப் போதும்."

நான் அதைக் கேட்டுவிட்டு மறந்துபோனேன். தம்புசாமி மறக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கதையில் ஒரு மாற்றம். புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் பக்கங்கள்தான் பாக்கி. அப்பன் இருக்கும் ஊர் தெரிந்துவிட்டது, செண்பகம் பேருந்துக்குக் காத்திருக்கிறாள். பேருந்து வரவில்லை. ஒரு லோரி வந்தது. ஏறிக்கொண்டாள். சரி, போய்ச் சேரட்டும் என்று பார்த்தால், லோரி போர்ட் கிள்ளானில் பாரம் ஏற்றப் போனது. பிறகு ஈப்போ போனது. மழையில் டயர் வெடித்தது. செண்பகம் ஓரமாக நின்று, லோரிக்காரர் ஜாக்கி போட்டு டயர் மாற்றுவதை ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தேன். தம்புசாமியின் கண்ணாடி நெற்றியில் இருந்தது. கண்கள் மனைவியின் முகத்தில் இருந்தன. புத்தகம் மடியில் சும்மா விரிந்து கிடந்தது. அவர் திணறவே இல்லை, மடமடவென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் தண்ணீர் எடுக்க எழுந்து என் பக்கமாக வந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்து, அந்த லோரி புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இல்ல தம்பி. முடிஞ்சிட்டா அவ போயிடுவா."

ஆறடி மனிதர். இந்த நாட்டின் எல்லாச் சாலைகளிலும் லோரி ஓட்டியவர். நான் அவர் சட்டையை விட்டுவிட்டேன்.

லோரி ஓடிக்கொண்டே இருந்தது. அந்த லோரிக்காரருக்குப் பெயர் இல்லை. செண்பகத்துக்கு நாசி லெமாக் பொட்டலத்தில் பாதி கொடுத்தார். தூக்கம் வராமலிருக்க ஸ்டியரிங்கைத் தட்டிப் பாடினார். வீட்டில் நிறையப் படித்த மனைவி ஒருத்தி உண்டு என்றார். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமலேயே வயதாகிவிட்டது என்றார். ஒருமுறை அவளுக்குக் குழந்தை கலைந்தபோது, ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தும் உள்ளே போகப் பயந்து லோரிக்குள்ளேயே உட்கார்ந்து அழுததாகச் சொன்னார். இராஜம்மாவின் மூடிய கண்ணிலிருந்து வழிந்த நீர் காதுப் பக்கம் இறங்கியது. யாரும் துடைக்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, தம்புசாமி கீழே கடைக்கு ரொட்டி வாங்கப் போயிருந்த நேரம், இராஜம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். மற்றவர்களுக்குக் கேட்டுவிடாதபடி பேசினார்.

"தம்பி, அவரு சொந்தமாத்தான் சொல்றாரு. எனக்கு அந்த டயர் வெடிச்சப்பவே தெரியும் லா."

தெரிந்தும் ஏன் சும்மா இருக்கிறீர்கள் அக்கா என்றேன். கல்யாணமான நாளிலிருந்து சோறு, டீசல், தூக்கம் தவிர வேறெதுவும் பேசத் தெரியாத மனுஷன், இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார், அதை எந்தப் புத்தகத்தில் போய்ப் படிப்பது என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஆனா செண்பகம் அவ அப்பாவப் பார்த்தாளா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது தம்பி. வாழ்க்கையில எதையும் நான் பாதியில விட்டதில்ல. கேட்டா, நான் கெளம்புறேன்னு நெனச்சிப் பயந்துருவாரு. அதான் கேக்கல."

நான் அந்தப் புத்தகத்தை எட்டி எடுத்திருக்கலாம், அது முக்காலியின் மேல்தான் இருந்தது. என் கையில் ஊசி இருந்தது, அவரும் அதற்குள் ரொட்டியோடு வந்துவிட்டார். வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மாதவி வந்து என் கையைப் பிடித்தாள். விடியற்காலையில், வீட்டிலேயே, தூக்கத்தில் போய்விட்டாராம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு தம்புசாமி நிலையத்துக்கு வந்தார். அந்த நாற்காலியில் பூச்சோங்கிலிருந்து ஒரு புது ஆள் வந்திருந்தார். தம்புசாமி அவரைப் பார்க்காமல் என்னருகில் வந்து நின்றார். மூன்று நாள் தாடி. பையிலிருந்து அந்த மாதத் தாளை எடுத்து என் வயிற்றின் மேல் விரித்தார். கட்டங்கள் காலியாக இருந்தன. இந்தப் புத்தகத்தை எழுதலாமா கூடாதா என்று கேட்கத்தான் வந்திருந்தார். முடிவை நேற்றுத் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டாராம். செண்பகம் அப்பனைப் பார்த்துவிடுகிறாள். கிழவனும் அவளை அடையாளம் கண்டுகொள்கிறான்.

"நல்ல முடிவு தம்பி. அவ கேட்டிருந்தா அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா. ஒரே ஒரு காலையில படிச்சு முடிச்சிருக்கலாம். நான்தான் குடுக்காமப் பிடிச்சு வெச்சிக்கிட்டேன். பிடிச்சு வெச்சும் போயிட்டா."

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்க என்னால் முடியவில்லை. அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டேன். டயர் வெடித்த அன்றே தெரிந்துவிட்டது, எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்று சந்தோஷப்பட்டார் என்றேன். தம்புசாமி முக்காலியைத் தேடினார். அது அங்கே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். மாதவி ஓடி வந்தாள், கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு தலையை நிமிர்த்தி என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப முடிவு தெரிஞ்சுக்கணும்னு அவளுக்கு ஆசை இருந்துச்சா தம்பி? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்லண்ணே. லோரி எங்க போகுதுன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

அவர் என்னை நம்பினார். முகம் கொஞ்சம் தெளிந்தது. தாளை இராஜம்மாவின் சட்டப்படி காலியாகவே மடித்துப் பைக்குள் வைத்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுப் போனார். கதவு மூடியதும் எனக்கு அழுகை வந்தது. ஒரு கையில் ஊசி ஏறியிருந்தது, இன்னொரு கையால் முகத்தை மூடிக்கொண்டேன்.