மலை பஸ்ஸில் பிழைத்த கேம் கருவி

யாரோ சொன்னதை நம்பி வேறு சாப்ட்வேர் ஏற்றியதில் என் கையடக்க கேம் கருவி நேற்று செத்துவிட்டது.

இன்று வெள்ளிமலை பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா அதை வாங்கிப் பார்த்தார். "கம்பெனி சாப்ட்வேரையே திருப்பிப் போட்டா உயிர் வந்துடும்ங்க" என்று லேப்டாப்பைத் திறந்தார்.

பாதி டவுன்லோடு ஆவதற்குள் மலையடிவாரம். அதற்கு மேல் டவர் கிடைக்காது.

"முடிஞ்சிதாம்மா?" என்றார் கண்டக்டர்.

"இன்னும் எறங்கிக்கினு இருக்குதுங்க."

அவர் டிரைவரிடம் திரும்பினார். "அண்ணே, மேல போய்க் குடிக்கிற டீயை இங்கியே குடிச்சிடலாம்."

மொத்த பஸ்ஸும் இறங்கி டீ குடித்தது. அதற்குள் டவுன்லோடும் முடிந்தது. மலையேறும்போது மூன்றாவது வளைவில் கருவிக்கு உயிர் வந்தது.

"சரியா ஓடுதான்னு பாக்கறேன்" என்று ஆட ஆரம்பித்த அக்கா, என் ஸ்டாப் வந்தும் நிமிரவில்லை. கருவியைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிமலை வரை போய்த் திரும்பினேன்.

நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?