மூன்று மூலைப் பாண்

சித்தப்பா கொண்டுவரும் பாணுக்கு மூலைகள் மூன்றுதான் இருக்கும். அது தகர அச்சில் வெந்த நீளமான பாண். முறைப்படி மேற்பக்கத்தில் நான்கு மூலைகள் இருக்கவேண்டும். துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள பேக்கரியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவதற்குள் ஒரு மூலையைப் பிய்த்து வாயில் போட்டுவிடுவார். சூட்டுப் பாணைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நடக்க அவரால் முடியாது. சனிக்கிழமை தவறாமல் இது நடக்கும்.

"இண்டைக்கும் எலி கொறிச்சிட்டுது" என்பார் சின்னம்மா, பாணைத் திருப்பிப் பார்த்தபடி.

சின்னம்மா என் தாயின் தங்கை. சித்தப்பா அவருடைய கணவர். எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். சின்னம்மா ஒரு பாணை ஒன்பது துண்டாக வெட்டுவார்; கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. சித்தப்பாவுக்கு நான்கு, தனக்கு மூன்று, மணம் பிடித்து வந்து வாசலில் நிற்கும் எனக்கு இரண்டு. ஒன்றைச் சம்பலோடு தின்பேன். மற்றதைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. எதையும் எண்ணாமல் விடமாட்டேன். அந்தக் குணம் இன்னும் போகவில்லை. இராத்திரிக் குளிசைகளை மூன்று தரம் எண்ணிப் பார்க்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். குறைந்தால் அவர்களா விழுங்கப்போகிறார்கள்?

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. திருகோணமலைத் துறைமுகம் நிறையக் கப்பல்கள். ஜப்பான் விமானங்கள் வரப்போகின்றன என்ற கதை பரவியதும் சனம் ஊரைவிட்டுப் போகத் தொடங்கியது. அப்பா ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். எதையும் பிந்திச் செய்து பழக்கமில்லாதவர். அம்மாவையும் என்னையும், வயிற்றுப்பிள்ளைக்கு எட்டு மாதம் கடந்திருந்த சின்னம்மாவையும் லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மாட்டுவண்டியில் தோப்பூரில் சேர்த்தார். அவருக்குப் பழக்கமான நெல் வியாபாரி ஒருவர் தன் வளவின் மூலையில் இருந்த சிறிய வீட்டை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். அப்பா வேலைக்குத் திரும்பினார். சித்தப்பாவுக்கோ எங்களைக் கொண்டுவந்து விடக்கூட லீவு கிடைக்கவில்லை. அவருக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை.

நாங்கள் போன ஆறாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலையில், விமானங்கள் வந்தன. குடாவுக்கு அப்பாலிருந்து கேட்ட சத்தங்களை நான் எண்ணினேன். நாற்பத்திரண்டுக்குப் பிறகு ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கணக்குத் தவறியதே என்று எரிச்சல்பட்டது நினைவிருக்கிறது. சின்னம்மா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு வடக்குப் பக்கம் பார்த்தபடி நின்றார். சத்தம் ஓய்ந்த பிறகும் அப்படியே நின்றார்.

திங்கட்கிழமை பின்னேரம் அப்பா வந்தார். நேரே கிணற்றடிக்குப் போய் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். சித்தப்பா சுகமாக இருக்கிறார் என்றும், குண்டு விழுந்த பிறகு துறைமுகத்தில் வேலை செய்பவர்களை வெளியே விடுவதில்லை என்றும், கடிதம் எழுதவும் தடை என்றும் சின்னம்மாவிடம் சொன்னார். எனக்கும் அதுதான் சொல்லப்பட்டது. உண்மை வேறு. வியாழக்கிழமை காலையிலேயே சித்தப்பா களஞ்சியத்தோடு போய்விட்டார். அப்பாவும் சித்தப்பாவின் தமையனும் உடலைத் தேடி எடுத்து, எரித்து முடித்திருந்தார்கள். சின்னம்மாவுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. இந்த மூன்றாவது பிள்ளை உயிரோடு பிறந்து, அவரும் தேறும்வரை செய்தியைச் சொல்வதில்லை என்று அப்பா தீர்மானித்தார். அம்மாவுக்கு மட்டும் தனியே சொன்னார்.

அம்மா பொழுதுபடுகிற நேரத்தில் போய் முழுகினார். பதினொரு வாளி. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா ஏன் இந்த நேரத்திலை முழுகிறா?"

தெரியாது என்றேன்.

"அத்தானும் முழுகினவரோ?"

"ஓம், வந்த உடனை" என்று சொல்லி, அம்மாவின் வாளிக் கணக்கையும் கேளாமலே கொடுத்தேன். சாவுச் செய்தி கேட்டவர்கள் எந்த நேரமானாலும் தலையில் தண்ணீர் வார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. சின்னம்மா சுளகை மடிக்கு இழுத்துக்கொண்டு மறுபடியும் கல் பொறுக்கினார்.

அந்தச் சனிக்கிழமை அப்பா மறுபடியும் வந்தார். அவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை சின்னம்மா பொறுத்திருந்தார்.

"ஆள் வர ஏலாது, சரி. கடிதம் எழுத ஏலாது, அதுவும் சரி. நீங்கள் வந்து போறியள்தானே அத்தான். உங்களிட்டை ஒரு பாண் குடுத்துவிடவும் ஏலாதாமோ அவருக்கு?"

அப்பா துவாயால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். "அடுத்த சனி கொண்டுவாறன் பிள்ளை" என்றார்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் சிக்கல். பட்டணத்தில் பாண் இல்லை. பேக்கரிக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டு ஊர்களுக்கு ஓடிவிட்டார்கள். பாண் வராவிட்டால் சின்னம்மா அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எடுப்பார் என்று அம்மா பயந்தார். அடுத்த நாளே வியாபாரியின் மனைவியிடம் போனார். முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடும் முறைப்படி அவரை அம்மா ராத்தா என்று கூப்பிடுவார். வட்டிலப்பமும் வீட்டுக் கேக்கும் செய்வதில் கைதேர்ந்தவர் ராத்தா. பெரிய மண்சட்டிக்குள் தகரத்தை இறக்கி, சட்டிக்குக் கீழேயும் மூடியின் மேலேயும் சிரட்டைத் தணல் போட்டு வேகவைப்பார். ஆனால் பாண் அவர் சுட்டதில்லை. பாணுக்கு மா பொங்கவேண்டும். கள்ளு விட்டுப் பிசைந்தால் நன்றாகப் பொங்கும் என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார்.

"எங்கட வீட்டுக்குக் கள்ளு வந்தால் இவர் வீட்டை விட்டிட்டுப் போயிடுவார்" என்றார் அம்மா.

"எங்கட ஊட்டுக்கு வந்தா அவர் என்னையே உட்டுட்டுப் போயிடுவார் புள்ள" என்றார் ராத்தா.

இருவரும் சிரித்தார்கள். அந்தக் கிழமை முழுவதிலும் அம்மா சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு தரம்தான். கடைசியில் இளநீருக்குள் பனங்கட்டியைக் கரைத்து, ஒரு போத்தலில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வெயிலில் வைத்தார்கள். இரண்டாம் நாள் அது நுரைத்தது.

எனக்குச் சொல்லப்பட்ட காரணம் இதுதான்: சின்னம்மாவுக்குப் பாண் தின்ன ஆசை, கடைப்பாண் என்று நினைத்தால்தான் தின்பார், ஆகவே நான் வாய் திறக்கக்கூடாது. இவ்வளவு பெரிய இரகசியத்தை நம்பி என்னிடம் தந்தார்களே என்று பெருமைப்பட்டேன்.

எங்களிடம் இருந்த கோதுமை மா ஒன்பது சுண்டு. பங்கீட்டில் கிடைத்தது, இனி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. தரத்துக்கு மூன்று சுண்டு என்றால் மூன்று பாண். செவ்வாய்க்கிழமை சுட்டது பொங்கவேயில்லை. ராத்தாவின் சேவல் அதை இரண்டு தரம் கொத்திப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. வியாழக்கிழமைப் பாண் பொங்கியது. ஆனால் மேலே கரி, உள்ளே பச்சை மா. தணல் கூடிப்போச்சு என்றார் ராத்தா. இல்லை, மா ஊற நேரம் காணாது என்றார் அம்மா. நான் கணக்குச் சொன்னேன்: மிச்சம் மூன்று சுண்டு. அதை உரத்துச் சொன்னதற்கு அம்மா என்னை முறைத்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா கடைசி மாவைக் குழைத்தார். அவர் கை மாவுக்குள் மெதுவாகப் போய் வந்தது. அடிக்கடி நிறுத்தி, விரலால் அழுத்திப் பார்த்தார். இரவு முழுவதும் அதை ராத்தா வீட்டுக் குசினியில் ஈரத்துணியால் மூடி வைத்தார்கள். சனிக்கிழமை காலையில் மா இரண்டு மடங்காக எழும்பியிருந்தது. தணலை ராத்தா இம்முறை அகப்பையால் அளந்து போட்டார்: கீழே நான்கு, மேலே மூன்று. மூவரும் சட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். முக்கால் மணி நேரம் இருக்கும். முதலில் பனங்கட்டி வாசம் வந்தது. பிறகு பாண் வாசம் வந்தது. கடைப்பாணின் வாசம் அல்ல அது. சற்றுப் புளிப்பும் புகையும் கலந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பாண் தின்றுவிட்டேன். அந்த வாசம் திரும்ப வரவில்லை.

தகரத்தைக் கவிழ்த்துத் தட்டியதும் பாண் முழுதாக விழுந்தது. பொன்னிறம். ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அம்மா இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டார். மத்தியானம் அப்பா, முன்பே பேசி வைத்திருந்தபடி, முதலில் ராத்தாவின் வாசலுக்கு வந்தார். அம்மா பழைய பத்திரிகைத் தாளில் பாணைச் சுற்றப்போன நேரம் நான் சொன்னேன்:

"இதுக்கு நாலு மூலையும் கிடக்கு. சித்தப்பான்ர பாணுக்கு மூண்டுதானே."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அப்பா பாணை வாங்கி ஒரு மூலையைப் பிய்த்தார். பிய்த்ததைச் சேவலுக்குப் போட்டிருக்கலாம். அவர் பிறர் வீட்டில் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்காதவர். ராத்தா தேத்தண்ணீர் நீட்டும்போதெல்லாம் "இப்பதான் குடிச்சனான்" என்று சொல்லித் தப்பிவந்தவர். அவர் அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டார். வேலிப்பக்கம் திரும்பி நின்று மென்றார். நான் முப்பத்தைந்து வரை எண்ணினேன். அப்போதும் அவர் விழுங்கியிருக்கவில்லை. ராத்தா கழுவிய தகரத்தை எடுத்துத் திரும்பவும் கழுவினார்.

சின்னம்மா தாளை விரித்தார். பாணை ஒரு சுற்றுத் திருப்பினார். மூலை போன இடத்தில் பெருவிரலை வைத்துப் பார்த்தார்.

"அவர் கையாலை தந்தவரோ அத்தான்?"

"ஓம் பிள்ளை."

"சுகமா இருக்கிறாரோ?"

"சுகமா இருக்கிறார்."

சின்னம்மா அப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இண்டைக்கும் எலி கொறிச்சிட்டுது" என்றார். கத்தி எடுத்து வந்து ஒன்பது துண்டாக வெட்டினார். தனக்கு மூன்று வைத்தார். எனக்கு இரண்டு தந்தார். மிச்சம் நான்கையும் தட்டில் அடுக்கி அப்பாவின் முன்னால் நீட்டினார்.

"நீங்கள்தானே இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள். அவரின்ர பங்கை நீங்கள் சாப்பிடுங்கோ."

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. கதிரையில் இருந்து, சின்னம்மாவுக்கு நேரெதிரே, நான்கு துண்டையும் ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார். சம்பலைத் தொடவில்லை. சின்னம்மா தன் மூன்றையும் தின்றார். அப்பா ஒரு துண்டையாவது எனக்குத் தருவார் என்று எதிர்பார்த்து நான் ஏமாந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை சின்னம்மாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சி அனுமதித்ததும் நான் போய் விரல்களை எண்ணினேன். கையில் பத்து, காலில் பத்து. அம்மா அடுத்த நான்கு இரவும் குழந்தையின் அழுகையைக் கேட்பதற்காகவே அறை வாசலில் படுத்தார்.

சனிக்கிழமை அப்பா வந்தார். அறை வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். அம்மா நிலையில் சாய்ந்து நின்றார். என்னைப் போகச் சொல்ல இருவருமே மறந்துவிட்டார்கள்.

"பிள்ளை, உன்னட்டை ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினார். "அவர் இல்லை."

அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. எப்போது, எங்கே, எப்படி என்று எதையும் சொல்லவில்லை. நானும் அப்போதுதான் அறிந்தேன். சித்தப்பா இல்லை என்பதை என் தலை ஏற்றுக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறார் என்றுதான் முதலில் எடுத்தேன். சின்னம்மா பால் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையை மெல்ல எடுத்து மற்றப் பக்கம் மாற்றினார். அது வாய் வைக்கும்வரை பார்த்திருந்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். அழவில்லை.

"அந்தியேட்டிக்கு இன்னும் ஏழு நாள் கிடக்கு, என்ன அத்தான்? கன்னியாவிலை செய்ய ஐயருக்குச் சொல்லிவையுங்கோ."

அம்மா நிலையோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார். அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது கணக்கு ஒன்றுதான். அந்தியேட்டி இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியை. எங்கள் பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் செய்வார்கள். அதுவரை எனக்குத் தெரியும். இன்னும் ஏழு நாள் என்றால் இன்று இருபத்துநான்கு. விரல் மடித்துப் பின்னோக்கி எண்ணினேன். போன சனி பதினேழு, அதற்கு முந்திய சனி பத்து, அதற்கும் முன்னால் மூன்று, வெள்ளி இரண்டு, வியாழன் ஒன்று. விமானங்கள் வந்த வியாழன். ஒரு நாள் கூடவில்லை, ஒரு நாள் குறையவில்லை.

"சரிதான், ஏழு" என்று உரத்துச் சொன்னேன். யாராவது என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்வார்கள் என்று மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.