லைட்டை அணைக்கச் சொன்ன சண்டை

1991இல் என் வலது கன்னத்தில் புற்று வந்தது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் பல வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவன் நான். கண் சொருகாமல் இருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். தூக்கத்தை விரட்டி விரட்டிக் கடைசியில் அது நிஜமாகவே போய்விட்டது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மண்ணூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்வருவேன். வாயெல்லாம் புண். எச்சில் வற்றி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த வறட்சியே ராத்திரியில் எழுப்பிவிடும். பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் சொந்தக்காரர்கள் பார்க்க வந்துவிடுவார்கள். தோளைத் தட்டி, "தூங்கறியா?" என்று கேட்பார்கள். வாய் திறக்க முடியாதவனுக்கு ஆரஞ்சுப்பழம் வேறு. உபசாரத்துக்குக் குறைச்சலே இல்லை.

உடம்பு இப்படிக் கரைந்துகொண்டே போனால் கரண்டைப் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கும், தூங்கினால்தான் தாங்கும் என்றார் டாக்டர். பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். பயந்துபோனேன். சாக எனக்கு இஷ்டமில்லை.

வீட்டில் ஒரே அறை. என் தலைக்கு நேரே டியூப்லைட். நோயாளி படுத்திருக்கும் வீடு இருட்டாக இருக்கக்கூடாது என்பது என் மனைவியின் பிறந்த வீட்டு வழக்கம். விடிய விடிய எரியவிட்டாள். மெலடோனின் என்று ஒன்று இருட்டினால்தான் உடம்பில் சுரக்கும், தூக்கத்துக்கு நேரம் சொல்வது அதுதான், வெளிச்சம் பட்டால் குறைந்துவிடும் என்று இப்போது படிக்கிறேன். என் மாதிரி நோயாளிகளுக்கு அது ஏற்கெனவே குறைவாக இருக்கலாமாம். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கண்ணை மூடினாலும் உள்ளே வெள்ளையாகவே இருந்தது என்பதுதான்.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. "லைட்ட அணைடி" என்றேன். குழறலாகத்தான் வந்தது. என் குழறல் அவளுக்குப் பழகியிருந்தது.

"வேணாம். அணைக்கக் கூடாது."

பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து எறிந்தேன். எனக்கு மூக்கின்மேல் கோபம், ஊருக்கே தெரியும். "இன்னாடி உங்க வூட்டு சாஸ்திரம்? என்ன சாவடிக்கவா?"

அவள் சொம்பை எடுத்து வைத்தாள். தரையைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "சாஸ்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ படுத்துகினு இருக்கசொல்ல நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துகினு குந்திகினு இருக்கேன். லைட்ட அணைச்சா எனக்கு எப்டிய்யா தெரியும்?"

எனக்குத் தூக்கமில்லை என்பது ஊர் முழுக்கத் தெரியும். இவள் தூங்குகிறாளா என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

அவள் கையை இழுத்து என் நெஞ்சின்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அப்புறம் எழுந்துபோய் லைட்டை அணைத்துவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அதே இடத்தில் கையை வைத்தாள்.

நான் கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. கை அங்கேயே இருந்தது. அது மரத்துப்போய், இன்னொரு கையால் பிடித்துத்தான் விரல்களை நீட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ தூங்கவே இல்லியா?" என்றேன்.

"நீ ராவெல்லாம் கொறட்ட வுட்ட" என்றாள். "கேட்டுகினே இருந்தேன்."